ஏடெ நகரமா, ஊரா? நெதர்லாந்தில் 'நகரம்' என்ற பெயர் எதனால் வருகிறது?

ஏடெக்காரி

வணக்கம். என் மகள் இங்கே ஆறாம் குழுவில் படிக்கிறாள். 'நான் வாழும் இடம்' என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியில் 'ஏடெ ஒரு நகரம்' என்று எழுதினாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்து வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இங்கேயே பிறந்து வளர்ந்து, இங்கிருந்த செயற்கைப் பட்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளிடமிருந்து பேனாவை வாங்கி 'ஸ்டாட்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'டோர்ப்' என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டாட் என்றால் நகரம், டோர்ப் என்றால் கிராமம்.

ஏடெ கெமேந்தேயில் (உள்ளாட்சியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் இருக்கிறோம். பக்கத்திலிருக்கும் வாகெனிங்கனில் 40 ஆயிரம் பேர் அளவில்தான். அது நகரம் என்கிறார் பெரியவர். அந்த நகரத்துக்கு ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. அங்கே பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் இறங்கித்தான் பஸ் பிடிக்கிறார்கள். அதனால்தான் எங்கள் நிலையத்துக்கே 'ஏடெ-வாகெனிங்கன்' என்று பெயர்.

எனக்கு வியப்பு என்னவென்றால், கிராமம் என்று சொல்லும்போது பெரியவர் முகத்தில் பெருமை தெரிந்தது. மகள் என்னைப் பார்க்கிறாள், நான் உங்களைப் பார்க்கிறேன். கட்டுரையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

பழஞ்சுவடி

பெரியவர் சொன்னது வரலாற்றுப்படி சரி, சகோதரி. இந்த நாட்டின் பழைய கணக்கில் ஆள்தொகைக்கு இடமே இல்லை. ஒரு தோல் பட்டயமும் அதில் தொங்கும் மெழுகு முத்திரையும் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. 1263இல் கெல்டர் நாட்டுச் சிற்றரசர் இரண்டாம் ஓட்டோ வாகெனிங்கனுக்கு நகர உரிமைகளை எழுதிக் கொடுத்தார். ஏடெக்கு எந்த அரசரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. 760 ஆண்டுகள் கழித்தும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேனாவை எடுக்கக் காரணம் அதுதான்.

'ஸ்டாட்ஸ்ரெக்தன்' என்று இவர்கள் சொல்லும் அந்த உரிமைகள் வெறும் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரச் சந்தை கூட்டலாம். ஊரைச் சுற்றி மதில் எழுப்பலாம், அகழி வெட்டலாம். தன் ஊர் வழக்கைத் தன் ஊர் நடுவர்களே தீர்க்கலாம். பீருக்கும் தானியத்துக்கும் வரி வாங்கலாம். சிற்றரசரின் சுங்கச் சாவடியைக் கடக்கும்போது பல நகரத்தார் சுங்கம் கட்ட வேண்டியதில்லை. நிலத்தோடு கட்டுண்ட ஒரு பண்ணையாள் ஓடிவந்து மதிலுக்குள் ஓராண்டும் ஒரு நாளும் தங்கிவிட்டால், பழைய எசமான் அவனை உரிமை கோர முடியாது என்ற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. அப்படி வந்தவனுக்கு மதிலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு வெவ்வேறு வாழ்க்கை.

அரசர் இதைத் தருமத்துக்குக் கொடுக்கவில்லை. கைமாறாகப் பணம் வந்தது, போருக்கு ஆள் வந்தது, எல்லையில் பக்கத்துச் சிற்றரசனுக்கு எதிராக ஒரு மதில் எழுந்தது. இதே ஓட்டோ 1231இல் ஹார்டர்வைக்குக்கும் 1233இல் ஆர்னெமுக்கும் உரிமை கொடுத்திருக்கிறார். வரைபடத்தில் இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று கடலோரம், மற்ற இரண்டும் ரைன் ஆற்றங்கரை. ஏடெயோ உள்ளே, மேட்டுநிலத்தின் விளிம்பில், ஆடு மேயும் புதர்வெளிக்கு அருகே இருந்தது. அங்கே மதில் கட்டி அவருக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். இந்தப் பட்டயங்களுக்கு வம்சாவளி உண்டு. லூவன் நகரத்துச் சட்டத்தைப் பார்த்து டென் போஸ் நகரத்தின் சட்டம் எழுதப்பட்டது. அதைப் பார்த்து 1245இல் ஹார்லெமுக்கு எழுதினார்கள். ஹார்லெமைப் பார்த்து 1246இல் டெல்ஃப்டுக்கு, 1254இல் அல்க்மாருக்கு. மகள் நகரத்து நடுவர்களுக்கு ஒரு வழக்கில் தீர்ப்புத் தெரியாவிட்டால் தாய் நகரத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

மிதிவண்டிக்காரன்

பேராயர் இருக்கும் பெரிய தேவாலயம் இருந்தால்தான் நகரம் என்று எங்கோ படித்த நினைவு.

பழஞ்சுவடி

அது இங்கிலாந்துப் பேச்சு. இங்கே ஆயர் இருந்த உட்ரெக்டுக்கேகூட 1122இல் பேரரசர் ஐந்தாம் ஹென்றி உரிமைகளை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. 2022இல் அவர்கள் கொண்டாடிய 900ஆம் ஆண்டு விழா அந்தப் பட்டயத்துக்குத்தான்.

கடற்கரைக் காற்று

டென் ஹாகில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். நம் பத்திரிகைகள் 'தி ஹேக்' என்று எழுதும் அதே ஊர்தான். நாடாளுமன்றம் இங்கே, அமைச்சகங்கள் இங்கே, சர்வதேச நீதிமன்றம் இங்கே. ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறோம். சகோதரியின் மகளுக்குச் சொல்லுங்கள்: 1806 வரை இதுவும் கிராமம்தான்.

'ஸ்க்ராவன்ஹாக' என்ற இதன் முழுப் பெயருக்கே சிற்றரசரின் வேலியடைத்த தோப்பு என்றுதான் பொருள். ஹாலந்துச் சிற்றரசர்கள் 13ஆம் நூற்றாண்டில் இங்கே அரண்மனை கட்டிக்கொண்டார்கள். அரண்மனையைச் சுற்றி எழுத்தர்கள், சமையற்காரர்கள், பொற்கொல்லர்கள், வழக்குரைஞர்கள் என்று ஊர் பெருத்தது. தன் வாசலிலேயே ஒரு சுதந்திர நகரம் முளைப்பதை எந்த அரசர் விரும்புவார்? உரிமை கொடுக்காமலே காலம் ஓடியது. மதிலும் இல்லை.

மதில் இல்லாததன் விலையை 1570களில் இந்த ஊர் கொடுத்தது. ஸ்பெயினுக்கு எதிரான போரில் படைகள் தடையின்றி வந்து தங்கின, கொள்ளையடித்தன. எதிரிக்கு இடம் கொடுக்கும் ஊர் எதற்கு என்று இதை இடித்துத் தரைமட்டமாக்கிவிடும் யோசனைகூட 1575இல் எழுந்தது. ஒரேஞ்சு இளவரசர் வில்லியம் குறுக்கிட்டதால் தப்பியது.

போர் முடியும் முன்பே ஹாலந்து மாகாணத்தின் சபை மீண்டும் இங்கே வந்து கூடத் தொடங்கியது. அந்தச் சபையில் பிரபுக்களுக்கு ஒரு வாக்கு, 18 நகரங்களுக்கு ஆளுக்கொரு வாக்கு. அன்று சிறியவையாக இருந்த பூர்மெரெண்டுக்கும் ஸ்கோன்ஹோவனுக்கும்கூட வாக்கு இருந்தது. சபை கூடும் டென் ஹாகுக்கு மட்டும் வாக்கு கிடையாது, ஏனென்றால் அது நகரம் இல்லை. நெப்போலியனின் தம்பி லூயி இங்கே அரசராக இருந்தபோது 1806இல்தான் நகரம் என்ற பெயர் கிடைத்தது. அவரும் இரண்டே ஆண்டில் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபோய்விட்டார்.

வேலைக்குப் போகும் வழியில், சிற்றரசர்களின் அந்தப் பழைய அரண்மனையான பின்னன்ஹோஃபின் குளக்கரையில் சைக்கிளை நிறுத்தி நிற்பதுண்டு. நீரில் அந்தப் பழைய செங்கல் சுவர்கள் தெரியும். ஒரு தேசத்தையே ஆண்ட கட்டடங்கள், ஆனால் தன் ஊருக்காகச் சபையில் கை தூக்க அங்கே ஓர் ஆள் இருந்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

அல்மேரவாசி

எல்லாரும் பட்டயம், முத்திரை என்று எழுதுகிறீர்கள். என் ஊரை எங்கே வைப்பீர்கள்? அல்மேரவின் முதல் வீடுகளுக்குச் சாவி கொடுத்தது 1976இல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே தண்ணீர்தான் இருந்தது. நிலத்தை நீர் வடித்து எடுத்ததே 1968இல். 1984இல் தனிக் கெமேந்தே ஆனோம். இன்று 2 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டோம். நாட்டின் பத்துப் பெரிய கெமேந்தேக்களில் ஒன்று. எங்களுக்கு எந்த ஓட்டோவும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அப்போது இங்கே மீன்கள்தான் இருந்தன.

என் மகன் இங்கே பிறந்தான். ஒரு முறை அலுவலகத்தில், எதிரே உட்கார்ந்திருந்தவர் 'அல்மேர எல்லாம் ஒரு நகரமா' என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன், ஆனால் வீடு வரும்வரை அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. மருத்துவமனை, நாடக அரங்கு, நூலகம், ஆறு ரயில் நிலையங்கள், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள். இது நகரம் இல்லையென்றால் எது நகரம்? 13ஆம் நூற்றாண்டுத் தோலை வைத்து 21ஆம் நூற்றாண்டு மனிதர்களை அளக்காதீர்கள்.

பழஞ்சுவடி

உங்கள் உறுத்தல் நியாயமானது, நண்பரே. நான் பழைய விதியை விளக்கினேன், அதை இன்றைக்கும் அளவுகோலாக வைக்கச் சொல்லவில்லை. அந்த விதி செத்து நெடுங்காலம் ஆகிறது.

1795இல் பழைய குடியரசு கவிழ்ந்தபோது நகரங்களின் தனிச் சலுகைகளும் ஆட்டம் கண்டன. 1813க்குப் பிறகு அரசர் முதலாம் வில்லியம் காலத்தில் நகரம், நாட்டுப்புறம் என்ற பிரிவு திரும்பவும் வந்தது. மாகாண சபைகளில் பிரபுக்களுக்கு ஓர் அணி, நகரங்களுக்கு ஓர் அணி, நாட்டுப்புறத்துக்கு ஓர் அணி. இதை முடித்துவைத்தவர் தோர்பெக்க. 1848இன் அரசியலமைப்பை வடித்தவர், ஸ்வோல்லவில் பிறந்தவர். 1851இல் அவர் கொண்டுவந்த கெமேந்தே சட்டத்தின் முன் ஆம்ஸ்டர்டாமும் ஒன்றுதான், பத்து வீட்டுக் குக்கிராமத்தை ஆளும் கெமேந்தேயும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஒரே வகை மன்றம், ஒரே வகை மேயர். அன்றிலிருந்து இந்த நாட்டுச் சட்டத்தில் 'நகரம்' என்று ஒரு தகுதி இல்லை. உரிமை கேட்டாலும் கொடுக்க ஆள் இல்லை.

ஆகவே சட்டப்படி அல்மேர நகரம் இல்லை. அதே சட்டப்படி டெல்ஃப்டும் நகரம் இல்லை.

கணக்குப்புலி

பழஞ்சுவடி சொன்னதை எண்ணில் காட்டலாம். சட்டத்தில் மிஞ்சியிருப்பது தலைக்கணக்கு மட்டும்தான். மன்ற உறுப்பினர் எண்ணிக்கை ஆள்தொகையைப் பொறுத்து 9 முதல் 45 வரை போகும். 2 லட்சத்துக்கு மேல் இருப்பதால் அல்மேரவில் 45 பேர், ஏடெயில் 39 பேர், ஆயிரம் பேர்கூட இல்லாத ஸ்கீர்மொன்னிக்கோக் தீவில் 9 பேர்.

அரசின் புள்ளியியல் அலுவலகத்துக்கு வேறொரு அளவு உண்டு. என் வேலையில் நாள்தோறும் புழங்குவது என்பதால் சொல்கிறேன். ஒரு முகவரியை எடுத்துக்கொள். அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடு. உள்ளே சதுர கிலோமீட்டருக்கு எத்தனை முகவரிகள் என்று எண்ணு. ஒரு பகுதியின் எல்லா முகவரிகளுக்கும் இப்படிச் செய்து சராசரி எடு. 2,500ஐ எட்டினால் மிக அடர்ந்த நகர்ப்பகுதி, 1,500 முதல் 2,500 வரை அடர்ந்தது, அப்படியே 1,000, 500 என்று இறங்கி, 500க்குக் கீழே போனால் நகர்த்தன்மை இல்லாதது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏடெ கெமேந்தேயின் பரப்பில் பெரும்பகுதி காடும் புதர்வெளியும். ஆள்தொகையை மொத்தப் பரப்பால் வகுத்தால் ஏடெ வெறுங்காடு போலத் தோன்றும். வட்டத்தை முகவரியிலிருந்து போடுவதால் ஆளில்லாத வெளி கணக்கைக் கெடுப்பதில்லை. மனிதன் தன் வாசலில் நின்று என்ன பார்க்கிறானோ அதை அளக்கிறது. எனக்குத் தெரிந்து நகரத்தை அளக்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

நடுத்தர நகரங்கள் அரசோடு பேசுவதற்காக ஜி40 என்று ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. ஏடெ, ஆபெல்டோர்ன், ஹில்வர்சம், அல்மேர எல்லாம் அதில் உறுப்பினர்கள். நான்கில் எதற்கும் இடைக்காலப் பட்டயம் கிடையாது.

வடக்குப் பனி

நான் 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஒல்லாந்துக்கு வந்தவன். அன்றிலிருந்து ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில்தான் இருக்கிறேன். சட்டம் செத்துப்போனது என்று தம்பிமார் எழுதுகிறீர்கள். இங்கே வந்து பாருங்கள், அது பனியில் உயிரோடு கிடக்கிறது.

எங்கள் மாகாணத்தில் பதினொரு நகரங்கள். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. லேவார்டன், ஸ்னேக், ஐல்ஸ்ட், ஸ்லோட்டன், ஸ்டாவோரன், ஹிண்டலோப்பன், வோர்க்கும், பொல்ஸ்வார்ட், ஹார்லிங்கன், ஃப்ரானெக்கர், டொக்கும். பள்ளிப் பிள்ளைகள் இதை வாய்ப்பாடு போல ஒப்புவிப்பார்கள். கால்வாய்கள் போதிய அளவு உறைந்தால், இந்தப் பதினொன்றையும் ஒரே நாளில் சறுக்குக் காலணியோடு சுற்றிவர வேண்டும், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதுதான் எல்ஃப்ஸ்டேடன்டோக்ட், பதினொரு நகரப் பயணம். 1909இல் தொடங்கிய இந்தப் போட்டி கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4இல். வழி நெடுக 15 சென்டிமீட்டர் பனிக்கட்டி வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குளிர் வரவேயில்லை.

அன்று நான் டொக்குமில் கரையில் நின்றேன். முகத்தில் அறைந்த கிழக்குக் காற்று. ஒரு நடுவயதுப் பெண்மணி வந்து சேர்ந்தார். புருவத்தில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது, உதடு அசையவில்லை. கழுத்தில் கயிற்றில் தொங்கிய அட்டையை எடுத்துக் கொடுக்க விரல் மடங்கவில்லை. முத்திரை குத்துகிறவர் தானே அவர் கழுத்திலிருந்து எடுத்துக் குத்தினார். அந்த அம்மா அட்டையைப் பார்த்து அழுதார். நகரத்துக்கு ஒரு முத்திரை. ஒன்று குறைந்தாலும் சிலுவைப் பதக்கம் கிடையாது.

இப்போது கேளுங்கள். ஸ்லோட்டனில் ஆயிரம் பேர்கூட இல்லை. நடுவில் ஒரு கால்வாய், இரு பக்கமும் கிளை விரிக்கும் லிண்ட மரங்கள், கோடியில் ஒரு காற்றாலை. சுற்றி நடக்கப் பத்து நிமிடம். அது நகரம். ட்ராக்டனில் 45 ஆயிரம் பேர். ஹேரன்வேனில் உலகப் புகழ் பெற்ற தியால்ஃப் சறுக்கு அரங்கமே இருக்கிறது. இரண்டுக்கும் முத்திரை இல்லை. ஸ்லோட்டனுக்கு இப்போது சொந்தக் கெமேந்தேகூட இல்லை, பெரியதொன்றோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ட்ராக்டனைச் சேர்த்துப் பன்னிரண்டு ஆக்குவோம் என்று இங்கே எவராவது சொல்லிக் கேட்டதில்லை, ட்ராக்டன்காரர் உட்பட.

இன்றைய அரசர் வில்லெம்-அலெக்சாண்டர் இளவரசராக இருந்தபோது 1986இல் இதை ஓடி முடித்தார். பெயர்ப் பட்டியலில் தன்னை 'டபிள்யூ.ஏ. ஃபான் பியூரன்' என்று எழுதிக்கொண்டார். பியூரன் என்பது கெல்டர்லாந்தில் உள்ள ஒரு சின்னஞ்சிறு மதில் நகரம். அதன் சிற்றரசர் பட்டம் அரச குடும்பத்தில் இருக்கிறது.

மிதிவண்டிக்காரன்

வடக்குப் பனி ஐயா, படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சிறிய நகரங்கள் என்றால் எனக்கும் சொல்ல இருக்கிறது. போன கோடையில் சைக்கிளில் ப்ரோங்க்ஹோர்ஸ்ட் போனேன். ஐசல் ஆற்றுக்குப் பக்கம், 150 பேர் அளவில். 1482இல் நகர உரிமை. கல் பாவிய ஒரு தெரு, பண்ணை வீடுகள், ஒரு சிறு கோயில், கோட்டை இருந்த இடத்தில் புல் முளைத்த மேடு. ஊர் எல்லையில் நிற்கும் பெயர்ப் பலகை எல்லா ஊருக்கும் உள்ள அதே நீலப் பலகை, அதே வெள்ளை எழுத்து. நகரம், கிராமம் என்று அதில் எந்த வேறுபாடும் கிடையாது. தோர்பெக்கவின் சட்டத்தை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பலகையில்தான். 2005இல் அந்தப் பக்கத்து ஐந்து கெமேந்தேக்களை ஒன்றாக்கியபோது, புதியதற்கு இந்த 150 பேரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

அதைவிடச் சிறியது ஸ்டாவெர்டன், எர்மெலோவுக்கு அருகே காட்டுக்குள். 1298இல் கெல்டர் சிற்றரசர் அங்கே நகரம் அமைக்க உரிமை வாங்கினார். நகரம் வளரவேயில்லை. இன்று ஒரு மாளிகை, ஒரு நீராலை, சில வீடுகள், சில பத்து மனிதர்கள். வெள்ளை மயில்கள் உலவுகின்றன. கெல்டர் அரசரின் தலைக்கவசத்தில் சூட மயிலிறகு வேண்டும், அதற்காக அங்கே வெள்ளை மயில் வளர்த்தாக வேண்டும் என்பது மரபாம். நான் வேலியோரம் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது ஒன்று மிக அருகே வந்து தோகையை இழுத்துக்கொண்டு போனது. ஈர இலையில் அந்தத் தோகை உரசிய ஒலி இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்டாவெர்டனைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. உரிமை கொடுத்தது வளர்ந்துவிட்ட ஊருக்கு மட்டும் இல்லை. இனி வளரும் என்ற நம்பிக்கைக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

அல்மேரவாசி

அந்தக் கடைசி வரிக்கு நன்றி. 1298இல் ஒருவர் வெற்றுக் காட்டில் நகரம் வரும் என்று எழுதி வைத்தார், வரவில்லை. 1970களில் பொறியாளர்கள் வெற்றுச் சேற்றில் நகரம் வரும் என்று வரைந்து வைத்தார்கள், வந்தது. இரண்டாவதை முதலாவதைவிடக் குறைவாக மதிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பழஞ்சுவடி

ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். ஆம்ஸ்டர்டாம் 2025இல் தன் 750ஆம் பிறந்த நாளைக் கொண்டாடியதே, அது எதை வைத்து? நகர உரிமையை வைத்து இல்லை. அது கிடைத்தது 1300ஐ ஒட்டி. அவர்கள் எண்ணுவது 1275 அக்டோபர் 27ஐ. அன்று சிற்றரசர் ஐந்தாம் ஃப்ளோரிஸ், ஆம்ஸ்டல் ஆற்று அணையருகே வாழும் மக்கள் தன் நாட்டுக்குள் சுங்கம் கட்டாமல் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஊரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது அந்தப் பட்டயத்தில்தான். நாட்டின் தலைநகரமே தன் பிறப்பை 'நகரம் ஆன' நாளிலிருந்து எண்ணவில்லை. அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று ஒருவர் எழுதிவைத்த நாளிலிருந்து எண்ணுகிறது.

சிப்பிக்கரை

ஆட்கள் வாழ்வதுதான் நகரம் என்றால் எங்கள் ரைமர்ஸ்வாலை என்ன சொல்வது? நான் ஸீலாந்தில், யெர்செக்கவில் இருக்கிறேன். சிப்பியும் மட்டியும் பிடிக்கும் ஊர். இங்கிருந்து பார்த்தால் தெரியும் நீர்ப்பரப்பின் அடியில் ஒரு நகரம் கிடக்கிறது.

ரைமர்ஸ்வாலுக்கு 1374இல் நகர உரிமை கிடைத்தது. மிடல்பர்க், ஸீரிக்ஸே இரண்டுக்கும் அடுத்து ஸீலாந்தில் மூன்றாவது நகரமாக இருந்தது. 1530 நவம்பர் 5, சனிக்கிழமை, பெருவெள்ளம். இன்றும் அதைக் 'கெட்ட சனி' என்பார்கள். சுற்றியிருந்த கிராமங்களும் வயல்களும் போய்விட்டன. நகரம் மேட்டில் இருந்ததால் தீவு போலத் தப்பியது. பிறகு வெள்ளம் மேல் வெள்ளம், இடையே தீ, போர். மக்கள் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறினார்கள். 1632இல் கடைசிக் குடிகளும் போய்விட்டார்கள். மதிலும் தேவாலயமும் சந்தையும் இருந்த இடத்தில் இன்று சேறும் அலையும்.

1970இல் இங்கே கெமேந்தேக்களை இணைத்தபோது யெர்செக்க, க்ரொய்னிங்கன், க்ரபென்டைக்க எல்லாவற்றையும் சேர்த்து 'ரைமர்ஸ்வால்' என்று பெயர் வைத்தார்கள். என் வரிச் சீட்டில், குப்பைத் தொட்டி அட்டவணையில், ஓட்டுநர் உரிமத்தில், மூழ்கிப்போன அந்த நகரத்தின் பெயர்தான் இருக்கிறது. அலை இறங்கிய நாளில் கரையில் நிற்கும்போது, இது நகரமா இல்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

கணக்குப்புலி

என் வட்டத்தை அங்கே போட்டால் பூஜ்யம் வரும். என் அளவுகோலுக்கு எட்டாதது ஒன்று இருக்கிறது என்று ஏற்றுக்கொள்கிறேன்.

ஏடெக்காரி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக மகளுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். டென் ஹாக் கதையைக் கேட்டுவிட்டு 'பாவம்' என்றாள். மூழ்கிய நகரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

நேற்று மாலை பெரியவரை அழைத்துத் தேநீர் கொடுத்து, ஏன் கிராமம் என்பதில் இவ்வளவு பெருமை என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த வேலுவ மேட்டுநிலத்தில் ஊர்ப் பொதுநிலத்தையும் காட்டையும் உழவர்களே கூட்டம் கூடி நிர்வகித்தார்களாம். 'ப்யூர்ட்' என்று அதற்குப் பெயர். எத்தனை ஆடு மேய்க்கலாம், எவர் எத்தனை வண்டி விறகு வெட்டலாம் என்று அவர்களே முடிவு செய்வார்களாம். 'அதற்கு எங்களுக்கு எந்த அரசரின் முத்திரையும் தேவைப்படவில்லை' என்றார். கடைக்குப் போகும்போது 'டோர்புக்குப் போகிறேன்' என்றுதான் அவர் அம்மா சொல்வாராம். இன்றும் அவர் அப்படித்தான் சொல்கிறார். 'ஒரு லட்சம் பேர் வந்தார்கள், வரட்டும், நல்லதுதான். நான் ரொட்டி வாங்கப் போகும் இடத்தின் பெயரை அதற்காக மாற்ற மாட்டேன்.'

பழஞ்சுவடி அண்ணா, நீங்கள் சொன்ன பட்டயத்துக்கு எதிர்ப்பக்கம் இப்படி ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

பழஞ்சுவடி

பொதுநிலக் கூட்டங்கள் பற்றித் தெரியும். அதை ஏடெயின் பெருமையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. நகரங்களின் காகிதங்களையே படித்துப் பழகியவனுக்கு ஊர்க் கூட்டத்தில் வாய்வார்த்தையாக நடந்தவை கண்ணில் படுவதில்லை. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் நினைவில் இருப்பதை யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தால் நல்லது. முடிந்தால் உங்கள் மகளே எழுதட்டும்.

வடக்குப் பனி

பிள்ளை கடைசியில் என்ன எழுதினாள்?

ஏடெக்காரி

இதோ, டச்சிலிருந்து தமிழில் தருகிறேன், ஐயா:

'நான் ஏடெயில் வாழ்கிறேன். வாகெனிங்கன் 1263இல் நகரம் ஆனது. ஏடெ நகரம் ஆகவில்லை. எங்கள் ரயில் நிலையத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்களும் ஒரு பெரிய புதர்வெளியும் அதில் ஆட்டு மந்தையும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுத் தாத்தா இதைக் கிராமம் என்கிறார். என் அம்மா நகரம் என்கிறார். நான் இரண்டு பேரோடும் கடைக்குப் போவேன்.'

காலையில் வேலிக்கு மேலாகப் பெரியவரிடம் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, 'புதர்வெளி' என்ற சொல்லில் விட்டுப்போயிருந்த ஓர் எழுத்தை மட்டும் சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.